கல்யாணத்தைத் தின்னும் கார்டு

கேமராவின் மெமரி கார்டு மக்கர் செய்தால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? முதலில் செய்ய வேண்டியது, எதுவும் செய்யாமல் இருப்பது

தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ ஒரு கல்யாணத்தில் மணமக்கள் அக்னியை ஏழு முறை சுற்றி முடிக்கும்போது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டிவிடும். மாலையிலிருந்து நின்றபடியே படமெடுத்த புகைப்படக்காரர் ஒரு கோப்பை டீயை வாங்கிக்கொண்டு, அன்றைய அறுவடையைப் பார்க்கக் கேமராவைத் திருப்புகிறார். திரையில் படங்கள் இல்லை. கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யலாமா என்று கேமரா பணிவாகக் கேட்கிறது. அருகிலேயே 'சரி' என்ற பொத்தான்.

இந்தக் காட்சி நாட்டின் எந்த ஊரிலும், எந்த முகூர்த்த நாளிலும் நடக்கக்கூடியது. கட்டிய தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்லிப் படமெடுக்க முடியாது (கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு). ஃபிலிம் காலத்தில் ஒரு சுருள் கெட்டால் போவது 36 படங்கள். இன்று விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று கெட்டால் மூவாயிரம் படங்கள் போகும். லட்ச ரூபாய் ஒப்பந்தம் ஒன்று சில நூறு ரூபாய்ச் சரக்கின் மீது உட்கார்ந்திருக்கிறது. இது தெரிந்தும், லென்ஸ் வாங்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் கார்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

கார்டு என்பது படங்களைப் போட்டு வைக்கும் வெறும் பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர், தகவலை மின்னேற்றமாகப் பிடித்து வைக்கும் ஃபிளாஷ் சிப். ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த நினைவகம் இது. இன்னொருவர் 'கன்ட்ரோலர்' என்ற குட்டிக் கம்ப்யூட்டர். இவர் வேலை, சிப்பின் குறைகளை வெளியே தெரியாமல் மூடி மறைப்பது. ஃபிளாஷ் சிப்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அங்கங்கே பழுதான பகுதிகளுடன்தான் வருகின்றன. அவற்றை ஒதுக்குவது, தவறாகப் படித்த பிட்களைத் திருத்துவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்க்காமல் இடம் மாற்றி எழுதுவது, எல்லாம் கன்ட்ரோலரின் பொறுப்பு. ஹாம்பர்க்கில் 2013 டிசம்பரில் நடந்த கம்ப்யூட்டர் மாநாடு ஒன்றில் 'பன்னி' என்று அழைக்கப்படும் வன்பொருள் நிபுணர் ஆண்ட்ரூ ஹுவாங்கும் அவரது சகாவும் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள்: ஃபிளாஷ் நினைவகம் இத்தனை மலிவாகக் கிடைப்பதன் ரகசியமே, பழுதுள்ள சிப்பையும் கன்ட்ரோலரை வைத்துச் சமாளித்து விற்க முடிகிறது என்பதுதான்.

ஆக, கார்டு திடீரென்று சாவதாகத் தோன்றினாலும் பல சமயம் அது நெடுநாளாக நோயை மறைத்து வந்த ஆசாமி. முன்னறிகுறிகள் இருந்திருக்கும். ஒரு படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகப் போனது, காப்பி செய்யும்போது ஒரு கோப்பில் மட்டும் கம்ப்யூட்டர் திணறியது, கேமராவில் ஒருமுறை 'கார்டு இல்லை' என்று வந்து, எடுத்துப் போட்டதும் சரியானது. எடுத்துப் போட்டதும் சரியானதால் மறந்துவிடுகிறோம்.

முதல் ஐந்து நிமிடம்

அந்த நள்ளிரவுக்கு வருவோம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, 'சரி'யை அழுத்தாமல் கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, தனியே வைத்துவிட்டு வேறு கார்டில் வேலையைத் தொடர்வது. பெரும்பாலான நேரங்களில் கெட்டிருப்பது படங்கள் அல்ல. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணை. புத்தகத்தில் பொருளடக்கம் கிழிந்த மாதிரி. அத்தியாயங்கள் அப்படியேதான் இருக்கும். வழக்கமான ஃபார்மட்கூட அந்த அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. ஆனால் சில கேமராக்களில் 'முழு ஃபார்மட்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தொட்டால் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எதை அழுத்துகிறோம் என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்குக் கண் தெரியும்? அதைவிடப் பெரிய தவறு, அதே கார்டில் தொடர்ந்து படமெடுப்பது. புதிய படம் பழைய படத்தின் மேலேயே எழுதப்படலாம். அப்படி எழுதப்பட்டதை மீட்க எந்த நிபுணராலும் முடியாது.

கம்ப்யூட்டரும் இதே வலையைத்தான் விரிக்கிறது. கார்டைச் செருகியதும், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். 'கேன்சல்' என்பதே சரியான பதில். பழுது பார்க்கிறேன் என்று கம்ப்யூட்டர் தானாக முன்வந்தாலும், படங்களை வேறிடத்தில் நகலெடுக்கும்வரை அனுமதிக்கக் கூடாது. பழுது பார்ப்பது என்றால் கார்டில் எழுதுவது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி, பழுது கார்டில்தானா என்பது. அவசரப்பட்டு கார்டைக் குற்றவாளியாக்குகிறவர்கள் அதிகம். எத்தனையோ நல்ல கார்டுகள் நூறு ரூபாய் கார்டு ரீடரின் பாவத்தைச் சுமக்கின்றன. சோதிப்பது சுலபம். அதே கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருடன் இணைத்துப் பார்க்கலாம். அப்போது படங்கள் தெரிந்தால் ரீடர்தான் வில்லன். 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற முறையில் எழுதப்படுகின்றன. அதை அறியாத மிகப் பழைய ரீடரோ கம்ப்யூட்டரோ நல்ல கார்டையே செல்லாக்காசு என்று சொல்லும். ஒரே கோப்பை இரண்டு முறை காப்பி செய்து, இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் பழுது வந்தால் ரீடர், கேபிள், யு.எஸ்.பி. ஹப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரண்டு முறையும் ஒரே இடத்தில் பழுது என்றால் கார்டு, அல்லது எழுதும்போதே தவறு செய்த கேமரா.

எஸ்.டி. கார்டின் இடது ஓரத்தில் உள்ள பூட்டுப் பட்டை இன்னொரு வேடிக்கை. அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேமராவின் துளைக்குள் இருக்கும் ஒரு சிறு விசைதான் தொட்டுப் பார்க்கிறது. பட்டை தொளதொளவென்று ஆனாலோ உடைந்து விழுந்தாலோ 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்று வரும். கார்டுக்குள் ஒரு கோளாறும் இருக்காது. படங்களை எடுத்துக்கொண்டு கார்டை ஓய்வுக்கு அனுப்பினால் போதும். தொலைபேசிகளில் போடும் மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் பெரிய கேமராவில் பயன்படுத்துகிறவர்கள் இணைப்புப் புள்ளிகளைத் தாங்களே இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். அடாப்டர் தளர்ந்தாலும் பழி கார்டுக்குத்தான்.

இந்தியக் கல்யாணம் என்றால் மஞ்சள், குங்குமம், ஹோமப் புகை, எண்ணெய்க் கை எல்லாம் உண்டு. ஹோலி நாளில் கேட்கவே வேண்டாம். கார்டின் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் வெளியே தெரியும்படிதான் இருக்கின்றன. அவற்றில் படிந்த அழுக்கை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் ஸ்டூடியோக்களில் இருக்கிறது. முலாம் மிக மெல்லியது. தேய்த்துத் தேய்த்து அதையே எடுத்துவிடலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு நுனியால் ஒற்றி எடுப்பதே நல்லது. பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை இன்னும் விடாதவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அதன் 50 ஊசிகளும் கேமராவுக்குள் இருக்கின்றன. கோணலாகச் செருகி ஒரு ஊசி மடங்கினால் செலவு கார்டுக்கல்ல, கேமராவுக்கு.

போலிகளின் திறமை

பழுது கார்டில்தான் என்று உறுதியானால் அடுத்து எழ வேண்டிய கேள்வி, அது அசல்தானா என்பது. தில்லி சாந்தினி சௌக்கின் கேமராச் சந்தை, நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று பெருநகரங்களில் எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் பேட்டைகள் உண்டு. அங்கே நேர்மையான மொத்த வியாபாரிகளும் இருக்கிறார்கள். பில் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். இணையக் கடைகளில் வாங்கினால் கவலையில்லை என்பதும் பாதி உண்மைதான். அங்கே விற்பது பல நேரங்களில் கடை அல்ல, கடைக்குள் இடம் பிடித்த ஏதோ ஒரு விற்பனையாளர்.

போலி கார்டின் சூட்சுமம் கன்ட்ரோலரில் இருக்கிறது. உள்ளே இருப்பது 16 ஜி.பி. சிப். ஆனால் தான் 128 ஜி.பி. என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி கன்ட்ரோலருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேமரா நம்பிவிடும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். முதல் சில நூறு படங்கள் சுத்தமாகப் பதிவாகும். வாங்கியவர் இரண்டு படம் எடுத்துப் பார்த்துத் திருப்தி அடைவார். 16 ஜி.பி. நிரம்பிய பிறகு வரும் படங்கள் எங்குமே எழுதப்படுவதில்லை, அல்லது முதலில் எடுத்தவற்றின் மேல் எழுதப்படுகின்றன. ஆனால் அட்டவணை கார்டின் ஆரம்பத்தில் இருப்பதால் அது மட்டும் பத்திரமாக இருக்கும். ஆகவே கம்ப்யூட்டரில் எல்லாப் படங்களின் பெயரும் வரிசையாக நிற்கும், அளவும் சரியாக இருக்கும். திறந்தால் வெறுமை. மாப்பிள்ளை அழைப்பு இருக்கும், முகூர்த்தம் இருக்காது. இப்படிப் போனதை மீட்க வழி இல்லை. எழுதவே படாததை எங்கிருந்து எடுப்பது?

அச்சு, ஹோலோகிராம், அட்டைப் பெட்டி ஆகியவற்றைப் பார்த்து அசலையும் போலியையும் பிரிப்பது இப்போது கஷ்டம். போலிகளின் அச்சு வேலை அத்தனை நேர்த்தி. நம்பகமான சோதனை ஒன்றுதான். காலி கார்டை முழுவதும் நிரப்பி, நிரப்பியதை முழுவதும் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். இதற்கென்றே இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3. 128 ஜி.பி. கார்டில் நொடிக்கு 30 எம்.பி. வேகத்தில் எழுதினால் எழுதுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படித்துச் சரிபார்க்க இன்னும் கொஞ்சம். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். வாங்கிய அன்றே இதைச் செய்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும். கல்யாணத்தன்று சோதிப்பதைவிட இது மலிவு.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 64 ஜி.பி. கார்டைக் கம்ப்யூட்டர் 59.6 என்று காட்டினால் யாரும் ஏமாற்றிவிடவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. கடைக்காரருடன் சண்டைக்குப் போக இது காரணம் ஆகாது.

வீடியோ பாதியில் நின்றுபோவதும் எப்போதும் கார்டின் கோளாறு அல்ல. கார்டின் முகத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண்கள் படிக்கும் வேகத்தின் உச்சத்தைச் சொல்கின்றன. கேமராவுக்குத் தேவை, தொடர்ந்து எழுதுவதில் குறையாத வேகம். அதைச் சொல்வது ஓரத்தில் சின்னதாக இருக்கும் வி30, வி60, வி90 குறிகள். நொடிக்கு முறையே 30, 60, 90 எம்.பி.க்குக் குறையாது என்பது அதன் பொருள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோவுக்கு 12.5 எம்.பி. போதும்; வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 எம்.பி. வேண்டும், அங்கே வி30 மூச்சு வாங்கிப் பதிவை நிறுத்திவிடும். அந்த கார்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, சாதாரணப் படமெடுக்க வைத்துக்கொள்ளலாம்.

தேய்மானத்தைப் பற்றி ஸ்டூடியோக்களில் நிலவும் பயம் கொஞ்சம் மிகை. ஒரு கார்டை வாரம் இரண்டு முறை நிரப்பி அழித்தாலும் ஐந்து வருஷத்தில் சுமார் 520 முறைதான். நல்ல கார்டு இதற்கெல்லாம் அசராது. கண்காணிப்புக் கேமராவிலும் காரின் டாஷ்கேமிலும் ஓடும் கார்டின் கதை வேறு. நொடிக்கு 15 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 162 ஜி.பி.; 64 ஜி.பி. கார்டு தினமும் இரண்டரை முறை சுழலும். ஒரே வருஷத்தில் 900 தடவைக்கு மேல். அந்தக் கார்டை உருவி வந்து கல்யாணத்துக்குப் பயன்படுத்துவது ரிட்டையர் ஆன கிழவரை மூட்டை தூக்க அழைப்பது போல. எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. கல்யாணப் படங்களைக் கார்டிலேயே விட்டு, பட்டுப் புடவையோடு பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஃபிளாஷ் சிப்பின் மின்னேற்றம் வருஷக்கணக்கில் மெல்லக் கசியும். சூடும் தேய்மானமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. கார்டு பயணத்துக்கான பை, பத்திரப் பெட்டகம் அல்ல.

பழக்கமும் பழுதும்

பெருநகரக் கல்யாணங்களில் இப்போது ஒரு புகைப்படக்காரர் வருவதில்லை. ஒரு படையே வருகிறது. பாரம்பரியப் படத்துக்கு ஒருவர், 'கேண்டிட்' எடுக்க இருவர், வீடியோவுக்கு இருவர், ட்ரோனுக்கு ஒருவர். பாதிப் பேர் அன்றைய கூலிக்கு வந்தவர்கள். இரவு முடிந்ததும் கார்டுகளை ஸ்டூடியோவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் அதே கார்டு வேறொருவரின் வேறு நிறுவனக் கேமராவுக்குள் நுழைகிறது. பழைய ஃபார்மட், பாதி அழித்த கோப்புகள், இன்னொரு கேமராவின் டேட்டாபேஸ் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். கேமரா குழம்புகிறது, ஆட்கள் கார்டைத் திட்டுகிறார்கள். படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகு, எந்தக் கேமராவில் போடப்போகிறோமோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி வராது.

காப்பி செய்வதிலும் ஒரு குறுக்குவழி உண்டு: 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்வது. நடுவில் மின்சாரம் போனாலோ கேபிள் அசைந்தாலோ படம் இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்று ஆகக்கூடும். காப்பி மட்டுமே பாதுகாப்பு. முடிந்ததும் சின்னப் படங்களை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அவை கோப்பின் முன்பகுதியில் தனியே பதிந்திருப்பவை. முழுப் படம் சிதைந்திருந்தாலும் அழகாகச் சிரிக்கும். அங்கங்கே சிலவற்றைத் திறந்து முழு அளவில் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ உருவக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த சடங்கு தொடங்கிவிட்டது என்ற அவசரத்தில் எல்லோரும் மறப்பதும் அதுதான்.

இரண்டு கார்டு போடும் கேமரா இதற்கெல்லாம் நல்ல மருந்து. 2018ல் நிகான் இஸட்6, இஸட்7, கேனன் ஈ.ஓ.எஸ். ஆர் ஆகியவை ஒற்றைத் துளையுடன் வந்தபோது உலகெங்கும் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். 2020ல் வந்த இஸட்6, இஸட்7 இரண்டாம் பதிப்புகளிலும் கேனன் ஆர்5, ஆர்6 கேமராக்களிலும் இரண்டு துளைகள் இருந்தன. ஆனால் துளை இரண்டு இருந்தால் போதாது. ஒன்று நிரம்பியதும் மற்றதற்குப் போவது என்ற அமைப்பிலேயே கேமராவை வைத்திருப்பவர்கள் ஏராளம். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் 'பேக்கப்' அமைப்புக்கு மாற்றினால்தான் பலன். ஒற்றைத் துளைக் கேமராவே கதி என்பவர்கள் 256 ஜி.பி. கார்டு ஒன்றுக்குப் பதிலாக 64 ஜி.பி. நான்கு வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பதினாறு 16 ஜி.பி. கார்டுகளை வாங்குவது அசட்டுத்தனம். கூட்டத்தில் கார்டு கெடுவதைவிடத் தொலைவதே அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் போய்விட்டால்? கார்டைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணும்வரை நம்பிக்கை உண்டு. ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் அட்டவணையை நம்பாமல், படங்களுக்கே உரிய தொடக்க அடையாளங்களைத் தேடிக் கார்டு முழுக்கத் துழாவும். பெயர்களும் வரிசையும் போய்விடும், படங்கள் வரும். துண்டு துண்டாகச் சிதறிய நீண்ட வீடியோக்கள்தான் சிரமம். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். கார்டைச் செருகினால் எந்தச் சலனமும் இல்லை, அல்லது கையில் சுடுகிறது என்றால் வீட்டில் முயல்வதை நிறுத்திவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம். இன்றைய சின்னக் கார்டுகளில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே கட்டியாக இருப்பதால், மேல் பூச்சைச் சுரண்டி, நுண்ணிய கம்பிகளைப் பற்றவைத்து நேரடியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. கட்டணம் கார்டு விலையைப் போலப் பல மடங்கு. வெற்றிக்கு உத்தரவாதமும் கிடையாது. 'ஆயுட்கால வாரண்டி' என்ற வாசகத்தை நம்பிக் கடைக்குப் போனால் கிடைப்பது புதிய கார்டு மட்டும். தொலைந்த படங்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று வாரண்டி விதிகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். போலியை விற்ற கடைக்காரர் மீது நடவடிக்கை வேண்டுமானால் ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில் கையில் இருக்க வேண்டும். அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். படங்களைத் தராத புகைப்படக்காரர்கள் மீது மணமக்களும் அதே ஆணையத்துக்குத்தான் போகிறார்கள்.

பழுதான கார்டை என்ன செய்வது? ஃபார்மட் செய்ததும் அது மறுபடி நல்ல பிள்ளையாக நடக்கும். ஸ்டூடியோவின் டப்பாவில் மற்றவற்றோடு கலந்துவிட்டால் எது நல்லது, எது கெட்டது என்று அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது. உள்ளே இருப்பது முழுவதையும் காப்பாற்றியாகிவிட்டது என்று உறுதியான பிறகு, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டுவிடலாம்.